தையல் விழாத வயிறு

என் வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. பதினான்கு வயதில் குடல்வளரி வெடித்து, நகரத்து ஆசுபத்திரியில் கீறி எடுத்தார்கள். சீழ் வடிந்து, ஆறி, மறுபடி வடிந்து, கடைசியில் அது ஒரு விரல் தடிப்பில் மேடாகி நின்றுவிட்டது. குளிக்கும்போது ஈரத்துணி ஒட்டினால் வெளியே தெரியும். என்னைவிட இரண்டு வயது இளைய தங்கச்சி, துறையில் நிற்கும் மற்றப் பெண்களுக்கும் கேட்கும்படி சொல்வாள்:

"எங்கட அக்காட வயித்தப் பாருங்ககா. நெல்லுச் சாக்கத் தைச்ச மாதிரி இரிக்கி."

அவளுடைய வயிற்றில் ஒரு நகக்கீறல்கூடக் கிடையாது. அதற்காக அவள் எதுவும் செய்யவில்லை. செய்யாமலே கிடைத்தவைதான் அவளிடம் எனக்கு எரிச்சல் தந்தவை எல்லாம்.

அந்தத் தழும்பால் எனக்கு ஒரு நன்மையும் வந்தது. மூன்று கிழமை வாட்டில் கிடந்தபோது, வெள்ளை உடுப்புப் போட்ட தாதி மிஸ்ஸிமார் நடந்து வந்தால் பெரிய பெரிய ஆண்கள்கூடக் கதையை நிறுத்துவதைப் பார்த்தேன். அப்படி நடக்க வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். சின்ன வயதில் தங்கச்சியையும் என்னோடு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவள் பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள், வரவில்லை. யாரும் வற்புறுத்தவுமில்லை. நான் மட்டும் போனேன். பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து நடந்தே போய்ப் படித்துச் சோதனை பாஸ் பண்ணி, தாதிப் பயிற்சிக்கு எடுபட்டேன்.

பயிற்சியின் இரண்டாவது வருடம் லீவில் வீட்டுக்கு வந்தபோது, வீடு தங்கச்சியுடையதாகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வான். மகளுக்குக் கொடுத்தது மகளின் மகளுக்குப் போகும். மகள் இல்லாவிட்டால் சகோதரியின் பக்கம் திரும்பும். மூத்தவள் என்பதால் வீடும், வட்டையில் கிடந்த மூன்று ஏக்கர் வயலும் எனக்குத்தான் என்று நான் எண்ணியிருந்தேன். எண்ணிக்கூட இருக்கவில்லை, சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லையே. நான் இல்லாத நேரத்தில் தங்கச்சிக்குச் சம்பந்தம் வந்தது. அம்மா முழுவதையும் அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"உனக்கென்ன புள்ள, உத்தியோகம் இரிக்கி. அவளுக்கு என்னகா இரிக்கி? ரெண்டு கையும் ஒரு வாயும்தானே" என்றாள் அம்மா.

"அந்த வாய்க்கே ஒரு ஏக்கர் குடுக்கலாம்" என்றேன்.

அம்மா சிரித்தாள். "உன்ட படிப்ப ஆரும் எழுதி வாங்கேலா. அது உனக்குத்தான்."

முன்னறைச் சுவரில் என் பாடசாலைச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். அந்தச் சுவரும் இப்போது தங்கச்சியுடையது. போகும்போது அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த இடம் மிஞ்சியது. அடுத்த முறை வந்தபோது அந்த இடத்தில் அவள் முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கிற்று.

அதன் பிறகு அவளைப் பற்றி வந்த ஒவ்வொரு செய்தியும் எனக்குள் கணக்கு வைத்தது போல நின்றது. அவளை முடித்த மச்சான் அவளுக்குத் துலாக் கிணற்றை நீக்கிக் கட்டுக்கிணறு கட்டினானாம். அந்தப் போகம் வேளாண்மை நல்ல விளைச்சலாம். அவள் உண்டாகியிருக்கிறாளாம். நானோ நகரத்தில் நான்கு பேர் தங்கிய அறையில், இரும்புக் கட்டிலில், இருபத்தைந்து வயதில், வேலை செய்யும் ஆசுபத்திரியின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி வீடு எங்கே என்பதாக இருந்தது.

ஆண் பிள்ளை பிறந்தது. எங்கள் ஆசுபத்திரியில்தான், சிக்கல் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போனாள். பத்தாம் நாள் மச்சான் ஒரு வாடகைக் காரில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தான். காரின் பின் இருக்கையில் விரித்த மூன்று சேலையும் நனைந்திருந்தன.

இரத்தம் விட்டு விட்டு வந்தது. நின்றுவிட்டது என்று மூச்சு விடும்போது மறுபடி மடை திறந்தது போல வரும். கர்ப்பப்பையைச் சுரண்டிப் பார்த்தார்கள். உள்ளே எதுவும் தங்கியிருக்கவில்லை. ஊசிகள் போட்டார்கள். மச்சானும் அவன் தம்பியும் இரத்தம் கொடுத்தார்கள். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மூன்றாவது முறை பெருகியபோது அவளுடைய உதடும் தலையணை உறையும் ஒரே நிறமாக இருந்தன.

அப்போது எங்கள் ஆசுபத்திரியில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர் இருந்தார். சிங்களவர். தமிழில் "நோகுதா", "மூச்சு எடு" என்ற இரண்டும் தெரியும். என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார். மற்றத் தாதிகளுக்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டுப் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வாட்டுக்கு வெளியே நிறுத்தி, இரண்டு வழி இருக்கிறது என்றார்.

ஒன்று, வயிற்றைத் திறப்பது. இரத்தம் ஊற்றும் குழாயை, அந்த நாடியை, உள்ளே தேடிக் கட்டிப் பார்க்கலாம். ஆனால் இந்த நிலையில் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுப்பதில்தான் முடியும். உயிருக்கு அது நிச்சயமான வழி.

மற்றது, திறக்காமலே செய்வது. தொடை மடிப்பில் நாடியை ஊசியால் குத்தி, அதன் வழியே கம்பி போன்ற மெல்லிய குழாய் ஒன்றை ஏற்றி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே இடுப்புக்குள் ஒழுகும் கிளை நாடிவரை கொண்டுபோக வேண்டும். பிறகு அவளுடைய இரத்தத்தையே எடுத்து உறையவைத்து, அந்தக் கட்டியைத் துண்டாக்கி, குழாய்க்குள்ளால் விட்டு அந்தக் கிளையை அடைப்பது. இடுப்பெலும்பு நொறுங்கியவர்களுக்கு இப்படிச் செய்ததை அவர் படித்த இடத்தில் பார்த்திருக்கிறார், கூட நின்று செய்தும் இருக்கிறார். பிரசவத்துக்குப் பின் வந்த பெருக்குக்குச் செய்ததில்லை. நாடி ஒன்றுதானே என்றார். சரிவராவிட்டால் முதலாவது வழிக்குப் போக நேரம் இருக்கும், ஆனால் கொஞ்ச நேரம்தான். கர்ப்பப்பை தப்பும்.

"உன் குடும்பம். நீயே போய்ச் சொல். பத்து நிமிடத்தில் எனக்குப் பதில் வேண்டும்" என்றார்.

அம்மாவும் மச்சானும் வாட்டு வாசலில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மடியில் பதினொரு நாள் பிள்ளை. நான் அவர்கள் முன்னால் நின்று, முதலாவது வழியைச் சொன்னேன். வயிற்றைத் திறக்க வேண்டும், கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும், உயிர் தப்பும் என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

அவ்வளவுதான் செய்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற வழி புதிது, அபாயமானது, படிக்காதவர்களுக்கு அதை விளங்கப்படுத்த நேரமில்லை என்று பின்னர் எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த வாங்குக்கு முன்னால் நின்றபோது என் மனதில் அவை எதுவும் இருக்கவில்லை. மகள் பிறக்க வழியில்லாதவளின் வீடு எந்தப் பக்கம் திரும்பும் என்பது இருந்தது. கட்டுக்கிணறு இருந்தது.

மச்சான் தலை குனிந்தான். அம்மா பிள்ளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"எடுக்கட்டும் மகள். உயிர் இரிந்தாக் காணும். இவன் ஒருத்தன் இரிக்கான்தானே" என்றாள். பிறகு, சந்தைக்குப் போகும்போது கதவைச் சாத்தச் சொல்வது போல, "வளவுக்கென்ன, மறுகா நீ இரிக்காய். உனக்கு ஒரு பொம்புளப் புள்ள பிறந்தா அதுக்கு எழுதலாம்" என்றாள்.

அதில் குத்தல் இல்லை. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்திருப்பாள். நான் ஐந்து வருடமாக விரும்பியதை, ஒரு குத்தகைக்காரனுக்குக் காணி காட்டுவது போல, அவள் அந்த வாங்கில் இருந்தபடியே எனக்குக் காட்டினாள். எனக்கு முகம் சுட்டது. மூத்தவள் என்று எனக்குத் தராததை, தங்கச்சி வயிறு வெறுமையான பிறகு, சட்டியில் ஒட்டியதை வழித்துப் போடுவது போலத் தருகிறாள். நான் அதைக் கையேந்தி வாங்க வேண்டும். வெள்ளை உடுப்போடு.

"இன்னொரு வழியும் இரிக்கி" என்றேன்.

பாசத்தால் சொன்னேன் என்று எழுத விருப்பம்தான். ரோசத்தால் சொன்னேன்.

விளங்கப்படுத்துவது நான் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. "வயலுக்குள்ள ஒரு வாய்க்கால் உடைஞ்சு தண்ணி போகுது. அதுக்காக முழு வயலையும் கொத்துறல்லயே. உடைப்புக்கு மேல, அந்த வயல் மண்ணிலேயே ஒரு கட்டி எடுத்து அடைக்கிறம்தானே. அதுபோல. அவட ரத்தத்திலேயே கட்டி எடுத்து அடைக்கிற."

மச்சான் நிமிர்ந்தான். "மண்ணாங்கட்டி மறுகாக் கரையுமே, மச்சாள். இது கரைஞ்சா?"

டொக்டரிடம் போய் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, யார் கேட்டது என்றார். சொன்னேன். வெளியே வந்து மச்சானின் தோளில் தட்டினார். ஆமாம், சில நாளில் கரைந்துவிடும், அதற்குள் உடைந்த இடம் ஆறிவிடும், அதுதான் அதில் நல்லது என்றார். தான் படிப்பித்த மாணவர்கள்கூட இதைக் கேட்கவில்லை என்றும் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன். கடைசி வசனத்தை விட்டுவிட்டேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை.

மச்சானுக்குத் தன் பேரை மட்டும் எழுதத் தெரியும். எழுதினான். அம்மா பெருவிரல் வைத்தாள்.

எக்ஸ்ரே அறை ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டார்கள். திரையின் வெளிச்சம் மங்கல். கண் இருட்டுக்குப் பழகியிருந்தால்தான் அதில் எதுவும் தெரியும். அதனால் டொக்டர் சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு கதிரையில் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். திறந்த கதவால் அதைப் பார்த்த அம்மா என் கையைப் பிடித்தாள்.

"என்ன புள்ள, அந்த டொக்டருக்குக் கண்நோயா? வேற ஆளில்லையா?"

"இல்லம்மா, அது கண்ணை ஆயத்தப்படுத்துறது."

"கண்நோய் ஒட்டும். அவளப் பார்க்க விடாத" என்றாள்.

அந்த இருபது நிமிடத்தில் என் வேலை வேறு. தங்கச்சியின் இரத்தம் உறையுமா என்று தெரிய வேண்டும். அதிகம் போனவர்களுக்குச் சிலவேளை உறையாது. உறையாவிட்டால் இந்த வழியே இல்லை. அவளுடைய கையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அதைச் சூடு குறையாமல் என் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். நான்கு நிமிடத்தில் சரித்துப் பார்த்தேன், தண்ணீராக ஓடிற்று. ஐந்தில் ஓடிற்று. உறையாவிட்டால் யாரும் என்னைக் குறைசொல்ல முடியாது. வழியைச் சொல்லிவிட்டேன், இரத்தம் கேட்கவில்லை, நான் என்ன செய்ய? அந்த நினைப்பு வந்தது. வந்ததும் கையை இன்னும் இறுக்கிப் பொத்தினேன், சூடு கொடுத்தால் உறையும் என்பது போல. ஏழாவது நிமிடம் சரித்தபோது அது குழாயோடு ஒட்டி நின்றது. கவிழ்த்துப் பார்த்தேன். விழவில்லை.

"உறைந்துவிட்டது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பிறகு ஒரு கிண்ணத்தில் இன்னும் எடுத்து உறையவைத்து, சின்னக் கத்தரிக்கோலால் நெல்லளவு துண்டுகளாக வெட்டினேன். அவளை மேசையில் கிடத்தியிருந்தார்கள். தொடை மடிப்பில் மட்டும் விறைப்பு ஊசி. அவள் விழித்துத்தான் இருந்தாள்.

"அக்கா, வெட்டப் போறாங்களா?"

"இல்ல. தொடையில ஒரு ஊசி. அவ்வளவுதான்."

"பொய்."

"அசையாமக் கிட. நீ அசைஞ்சா எனக்கு வேலை போகும்."

"அப்ப அசையத்தான் வேணும்" என்றாள், வெளுத்த உதடுகளால்.

விளக்கை அணைத்தார்கள். குழாய் தொடையால் ஏறி, பெரிய நாடி இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் போய், மறுபக்கக் கிளைக்குள் இறங்க மறுத்தது. டொக்டர் இழுத்தார், திருப்பினார், மறுபடி விட்டார். வெயிலில் அடைத்த அறைக்குள் எல்லாருடைய வேர்வையும் மணத்தது. நான்காவது தடவை இறங்கிற்று. திரையில் நாடி தெரிவதற்கான மை மருந்தைச் செலுத்தியதும் தங்கச்சி, "அக்கா, வயித்துக்குள்ள நெருப்புக் கொட்டுறாங்க" என்றாள். ஆனால் அசையவில்லை. பயிற்சியில் எத்தனை பேரை நான் பிடித்து அமத்தியிருக்கிறேன். இவள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கல்லாகக் கிடந்தாள். அந்த இருட்டில் அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

திரையில் ஒரு கிளையின் நுனியில் மை ஒற்றுத்தாளில் விழுந்தது போல ஊறிப் பரவுவதை நானும் கண்டேன். அதுதான் இடம். நான் ஊசிக்குழலில் துண்டுகளை ஏற்றிக் கொடுக்க, அவர் விட்டார். ஒன்று, இன்னொன்று, மூன்றாவது. மறுபடி மை. அந்தக் கிளை பாதியில் நின்றது. நுனியில் எதுவும் ஊறவில்லை.

குழாயை எடுத்ததும், குத்திய இடத்தை அமத்திப் பிடிக்க வேண்டும்; நாடி என்பதால் விட்டால் பீறும். அதை என்னிடம் தந்தார்கள். முழுக் கையின் பாரத்தையும் அவளுடைய தொடை மடிப்பில் வைத்து இருபத்தைந்து நிமிடம் நின்றேன். அவளுடைய நாடி என் விரல்களை உதைத்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் அவளை நான் தொட்டு நின்றது சிறுவயதுக்குப் பிறகு அதுதான் முதல்.

"நோகுது கா. பழி தீர்க்கிற மாதிரி அமத்துறாய்" என்றாள்.

"வாயை மூடு" என்றேன்.

அன்று பின்னேரம் ஒருமுறை கொஞ்சம் கசிந்தது. அவ்வளவுதான். மறுநாள் அவள் கஞ்சி கேட்டாள். மூன்றாம் நாள் அந்த இடத்துப் பிளாஸ்டரை நானே கழற்றினேன். நுளம்பு கடித்தது போல ஒரு புள்ளி. சுற்றிலும் கொஞ்சம் நீலம்.

வீட்டுக்குப் போகும் நாள், சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ரெண்டாவது வழிய ஏன் புள்ள பிந்திச் சொன்ன?"

"பதகளிப்பில மறந்து போனன்."

அம்மா முடிச்சை இறுக்கினாள். "நீ மறக்கிற புள்ளையில்ல" என்றாள்.

இரண்டு வருடம் கழித்துத் தங்கச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நானும் போனேன். முன்னறையில் நிறையப் பெண்கள். ஆசுபத்திரியில் செத்துப் பிழைத்த கதையைத் தங்கச்சி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் நம்பவில்லை. எங்கள் ஊரில் நோய் வருத்தத்தின் பெருமையைத் தையலின் நீளத்தில்தான் அளப்பார்கள். பதினொரு தையல் போட்டவள் ஏழு தையல் போட்டவளைவிட ஒரு படி மேல். இவள் சேலையை விலக்கிக் காட்டிய வயிற்றில் எதுவுமே இல்லை.

"அப்ப உனக்கு ஒண்டும் செய்யல்ல. ஊசி போட்டு அனுப்பியிருக்காங்க" என்றாள் பக்கத்து வளவு மாமி.

"அக்கா, நீ சொல்லு. நீதானே நிண்ட" என்றாள் தங்கச்சி.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். சிவப்புக் கண்ணாடியைச் சொன்னேன், சிரித்தார்கள். உள்ளங்கைக்குள் உறைந்த இரத்தத்தைச் சொன்னேன். மாமி வாயில் கைவைத்தாள். குழாய் இறங்க மறுத்ததைச் சொன்னபோது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்கூட நிறுத்திக் கேட்டாள். அந்த வீட்டில் எல்லாரும் என்னையே பார்த்திருந்த ஒரே நேரம் அது. வாங்குக்கு முன்னால் நான் நின்ற இடத்தை மட்டும் தாண்டிச் சொன்னேன். அம்மா ஒரு மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் தாண்டிய இடத்தில் அவளுடைய கை நின்றது, பிறகு மடித்தது.

கதை முடிந்ததும் தங்கச்சி மகளைத் தூக்கி என் மடியில் வைத்தாள். வீட்டுக்கும் வளவுக்கும் மூன்று ஏக்கருக்கும் இனி உரியவள் அவள். அவ்வளவும் அந்தச் சின்னக் கைக்குள். வைத்திருந்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. சுவரில் என் சான்றிதழ் இருந்த இடத்தில் கண்ணாடி அப்படியே தொங்கிற்று.

இன்றும் நான் ஆசுபத்திரி விடுதியில்தான் இருக்கிறேன். இதை இத்தனை நாள் எழுதாமல் விட்டதற்குப் பயம் காரணமில்லை. எழுதி அந்த வீட்டு வாசலில் போட்டிருந்தாலும், அங்கே அதை எடுத்து வாசிக்க யாரும் இருக்கவில்லை. கடையில் சீனி சுற்றி வந்த தாளைப் போல அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால் இந்தத் தை மாதம் அவளுடைய மூத்தவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். சிலேட்டும் பென்சிலும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். போன கிழமை போனபோது, சுவரில் ஒட்டியிருந்த கலண்டரை விரலால் தொட்டு எழுத்துக் கூட்டினான். ஒரு எழுத்தைப் பிழையாகச் சொன்னான். நான் திருத்தினேன். மறுபடி சொல்லும்போது சரியாகச் சொன்னான்.